வலது பக்கம் சத்தம் குறைவு

பாளையங்கோட்டையில் லேப்டாப் பழுது பார்க்கும் ஜெசிந்தாவுக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. அவளிடம் தொழில் பழக வந்த நம்பிராஜனுக்கோ தலையில் கறுப்பு முடியைத் தேடித்தான் எடுக்க வேண்டும். பஸ் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தவர். ஒர்க்‌ஷாப்பை இழுத்து மூடியதும், கையைக் கட்டிக்கொண்டு வீட்டில் உட்கார மனமில்லாமல் இங்கே வந்து சேர்ந்தார். ஆரம்பத்தில் கிண்டலாகத்தான் அவளை 'ஆசான்' என்று கூப்பிட்டார். இப்போது அதில் கிண்டல் இல்லை.

அவருக்கு ஒரு பெருமை உண்டு. வண்டி தெருமுனையில் திரும்பும்போதே, இன்ன இடத்தில் கோளாறு என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாராம். யாரும் கேட்காமலே அதைச் சொல்வார். அதனால் ஹெட்போன், ஸ்பீக்கர் என்று எது வந்தாலும் தன் பக்கம் இழுத்துக்கொள்வார்.

அன்று காலை அவர் எதிலும் கை வைக்கவில்லை.

"ஆசானே, ஒரு சங்கதி கேக்கலாமா?"

"கேளுங்க அண்ணாச்சி."

"எம் பொண்டாட்டி எங்கூடப் பேசுறதையே விட்டுட்டா."

ஜெசிந்தா ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தாள். "சண்டையா?"

"சண்டை போட்டாத்தான் பரவாயில்லையே. சோறு போடுதா. சட்டையைத் தேச்சு வைக்கா. வாயை மட்டும் தொறக்க மாட்டேங்கா. எப்பவாவது பேசுனாலும் வாய்க்குள்ளயே முணுமுணுக்கா. வாயைத் தொறந்துதான் சொல்லேன்னு ஒருநாள் கத்திட்டேன். அதோட அதுவும் நின்னுட்டு."

"ஏனாம்?"

"வேலை போனவன்னா இளக்காரம்தான். வேற என்ன?"

மனைவி பிரமு அப்படிப்பட்டவள் இல்லை என்று அவருக்கே தெரியும். தெரிந்தும், ராத்திரி அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும்போது வேறு காரணம் எதுவும் தோன்றவில்லை.

"மெட்ராஸ்ல மவன் கூப்பிடுதான். நான் மட்டும் போயி அங்கயே இருந்துக்கிடலாம்னு பாக்கேன். நாளைக்கு டிக்கெட் எடுக்கணும். நீங்க என்ன சொல்லுதீய?"

ஜெசிந்தா பதில் சொல்வதற்குள் படியேறி ஒரு பெண் வந்துவிட்டாள். ஷாஜிதா. டாக்டர்கள் பேசிப் பதிந்து அனுப்புவதைக் கேட்டுக் கேட்டு வீட்டிலிருந்தே தட்டச்சு செய்கிறவள். முந்தின நாள் ஹெட்போனில் கரகரப்பு என்று லேப்டாப்பைக் கொண்டுவந்திருந்தாள். ஜெசிந்தா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால், நம்பிராஜனே ஹெட்போன் சொருகும் துளையைச் சுத்தம் செய்து கொடுத்து அனுப்பியிருந்தார்.

"அண்ணே, கரகரப்பு போயிட்டு. ஆனா இப்போ வலது காதுல இடி இடிக்கு, இடது காதுல கொசு பாடுது. டாக்டர் என்ன மாத்திரை சொல்லுதார்னு வெளங்கலை. ஒரு எழுத்து தப்பா அடிச்சாலும் என் வேலை போயிரும்."

"அப்படி இருக்காதே."

நம்பிராஜன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு பாட்டை ஓடவிட்டார். கண்ணை மூடிக் கேட்டார்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலத்தான் இருக்கு. நீங்க எதுக்கும் காதை ஒரு டாக்டர்ட்ட காட்டுங்கம்மா."

ஷாஜிதாவின் முகம் சுண்டிப்போயிற்று. ஜெசிந்தாவைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி," என்றாள் ஜெசிந்தா. "ஹெட்போனைத் திருப்பிப் போடுங்க."

"எதுக்கு?"

"இடது பக்கத்தை வலது காதுல. வலது பக்கத்தை இடது காதுல."

வேலைக்குச் சேர்ந்த அன்றே அவள் சொல்லிக்கொடுத்ததுதான் அது. ஒரு பக்கம் கேட்கவில்லை என்று யார் வந்தாலும் முதலில் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். நம்பிராஜன் ஒருநாளும் அதைச் செய்ததில்லை. நல்ல காது இருக்கிறவனுக்கு இந்தச் சின்னப்பிள்ளை வேலை எதற்கு என்று நினைப்பு.

இப்போது திருப்பிப் போட்டார்.

இடது காதைப் பாட்டு பிளந்தது. வலது காதில் ஒன்றுமே இல்லை.

கழற்றினார். பழையபடி போட்டார். இரண்டு பக்கமும் சமம். மறுபடி திருப்பினார். இடதில் இரைச்சல், வலதில் ஊமை. ஒரே ஹெட்போன், ஒரே பாட்டு.

பிறகு, ஜெசிந்தா வழக்கமாகச் செய்வதுபோல, இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றி இடது காதிலேயே வைத்துக் கேட்டார். வலது பக்கத்தின் சத்தம் பல மடங்கு அதிகம். ஷாஜிதா சொன்னது அப்படியே உண்மை.

லேப்டாப்பில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் இடத்தைத் திறந்தார். வலது உச்சியில் இருந்தது, இடது அடியில் கிடந்தது. நேற்று அவரேதான் அப்படி வைத்தார். வலது பக்கம் சத்தம் குறைவு என்று நினைத்து, தன் காதுக்குச் சமமாகும்வரை ஒன்றைக் கூட்டி மற்றதைக் குறைத்திருந்தார்.

இரண்டையும் ஒரே அளவில் வைத்து ஷாஜிதாவிடம் கொடுத்தார். அவள் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"இப்பத்தான் அண்ணே சரியா இருக்கு."

"மன்னிச்சிருங்கம்மா. டாக்டர்ட்ட காட்ட வேண்டியது என் வலது காதைத்தான்."

அவள் இறங்கிப்போன பிறகும் அவர் நின்ற இடத்திலேயே நின்றார். ஜெசிந்தா பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி அவர் முன்னால் வைத்தாள்.

"இதுக்கு முன்னால நான் பாத்து அனுப்புனதெல்லாம்?"

"குடுக்கதுக்கு முன்னால நான் ஒருக்கா பாத்துருவேன்."

"எல்லாத்துலயும் வலதைக் கூட்டி வச்சிருந்தேனா?"

"ஒண்ணு விடாம."

நம்பிராஜனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. சிரிப்பதற்கே முயன்றார்.

"அப்பமே சொல்லிருக்கலாமே ஆசானே."

"சொன்னேன் அண்ணாச்சி."

"எப்போ?"

"பொங்கல் கழிச்சு ஒருநாள். உங்களுக்கு வலது பக்கத்துல உக்காந்து சொன்னேன். நீங்க பாட்டுக்கு ஸ்குரூவைக் கழத்திட்டு இருந்தீய. மறுநாள் ஸ்டூலைத் தூக்கி இந்தப் பக்கம் போட்டுக்கிட்டேன்."

அவர் ஸ்டூலைப் பார்த்தார். அது அவருடைய நாற்காலிக்கு இடது பக்கத்தில் கிடந்தது. அவள் இடம் மாறியது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. ஃபேன் காற்றுக்காக மாறுகிறாள் என்று நினைத்து, அதையும் கேலி பண்ணியிருந்தார்.

"இந்தப் பக்கம் வந்த பெறகு திரும்பச் சொல்லிருக்கலாமே."

"சத்தத்தை வச்சே பிழைச்ச மனுஷன்ட்ட அதைச் சொல்ல எனக்கு மனசு வரலை. நீங்களே ஒருநாள் திருப்பிப் போட்டுப் பாப்பீயன்னு இருந்தேன்."

டீயில் ஆடை படர்ந்தது. அவர் அதைத் தொடவில்லை.

வீட்டில் அவர் சாப்பிட உட்காரும் இடத்தை நினைத்துப் பார்த்தார். இடது பக்கம் சுவர். அடுப்படி வாசல் வலது பக்கம். பிரமு பரிமாறிவிட்டு அந்த வாசலில்தான் உட்காருவாள். படுக்கையிலும் அவருக்கு இடது பக்கம் சுவர்தான், அவள் வலது பக்கம். அங்கே இருந்துதான் அவள் கறிக்கு உப்பு போதுமா என்று கேட்டிருப்பாள். மகன் போன் பண்ணியதைச் சொல்லியிருப்பாள். வேலை போனால் போகட்டும், மனசை விட்டுராதீங்க என்றுகூடச் சொல்லியிருப்பாள். அவர் திரும்பியே பார்த்திருக்க மாட்டார். அவள் மறுபடியும் சொல்லியிருப்பாள். அதற்குத்தான் அவர் கத்தினார்.

வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆசானே, அவ முணுமுணுக்கலை."

ஜெசிந்தா ஆறிப்போன டீயை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"இம்புட்டு நாளும் அவ பேசிக்கிட்டுத்தான் இருந்திருக்கா. நான்தான் அவ வாயை அடைச்சிட்டேன்."

ஜெசிந்தா அவருடைய சாப்பாட்டுத் தூக்கை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இன்னைக்கு மத்தியானம் வீட்டுக்குப் போயி சாப்பிடுங்க."

அவர் வாசல்வரை போய்விட்டுத் திரும்பினார்.

"போயி என்ன சொல்லட்டும் அவகிட்ட?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம் அண்ணாச்சி. மதினி உங்களுக்கு இடது பக்கமா இருக்க மாதிரி போயி உக்காருங்க."