நல்லி எலும்பின் சாட்சி

வெகு காலத்துக்கு முன்னே, மேகம் வாசல் வரை வந்து படுத்துக்கொள்ளும் உயரத்தில் ஒரு மலையூர் இருந்தது. அந்த ஊருக்குக் கரியன் தலைவன். அம்புக்கு நஞ்சு காய்ச்சுகிறவள் மசணி. அவளுக்கு ஒரே மகள், பெயர் கெம்பி. கேளுங்கள், இந்தக் கதையில் சிரிக்க ஒன்றுமில்லை.

ஒரு மார்கழியில் உறைபனி கொட்டியது. புல்லெல்லாம் கருகிப்போனது. மான்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. செத்ததைச் செந்நாய்கள் தின்றன. ஊரார் கண்ணில் பட்டது அது ஒன்றுதான். பனிக்கு ஏது கழுத்து, பிடித்து நெரிக்க? நாய்க்குக் கழுத்து இருந்தது. ஊர் கூடிப் பேசியது.

"இந்த நாய்ங்கதான் மானை அழிக்குது. மசணி, செத்ததை அறுத்துப் பார்த்தவ நீ. நீயே சொல்லு" என்றான் கரியன்.

மசணிக்கு உண்மை தெரியும். அன்று காலைதான் ஒரு மானின் நல்லி எலும்பை உடைத்திருந்தாள். உள்ளே வெண்ணெய் போலத் திரண்டிருக்க வேண்டிய கொழுப்பு சிவந்த தண்ணீராக வழிந்தது. பட்டினியில் செத்த உயிரின் எலும்பு அப்படித்தான் இருக்கும். ஆனால் போன மழைக்காலத்தில் செந்நாய்கள் அவளுடைய கறவை ஆட்டைக் கொண்டுபோயிருந்தன. கெம்பி குடித்து வளர்ந்தது அந்த ஆட்டின் பால். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

"நாய்ங்கதான் தலைவரே" என்றாள்.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம். அவளே நஞ்சு காய்ச்சினாள், அவளே இறைச்சியில் தடவினாள், அவளே காட்டில் வைத்துவிட்டு வந்தாள். தாய் நாய்கள் செத்தன, குட்டிகளும் செத்தன. காட்டில் செந்நாயின் சீழ்க்கைச் சத்தம் நின்றுபோனது.

இரண்டாம் பனி லேசாக வந்து போனது. மான்கள் பெருகின. ஊர் பறையடித்து ஆடியது. துரத்த ஆளில்லாத மான்கள் நின்ற இடத்திலேயே நின்று மேய்ந்தன. நுனிப்புல் போயிற்று, அடிப்புல் போயிற்று, வேரும் போயிற்று. பிறகு சாமைக் கொல்லைக்குள் இறங்கின. விதைக்குக்கூட ஒரு பிடி மிஞ்சவில்லை.

மூன்றாம் பனி முதல் பனியைப் போலவே கொட்டியது. முதல் பனி பாதி மான்களையாவது விட்டுவைத்தது. இந்த முறை, முன்பே எலும்பும் தோலுமாக நின்றவை அத்தனையும் விழுந்தன. வீட்டு ஆடுகளும் விழுந்தன. எலும்பில் ஒட்டியிருந்த கறியை ஊர் சுரண்டித் தின்றது, பிறகு அதுவும் தீர்ந்தது.

கரியன் மசணியின் வாசலில் வந்து நின்றான். "இப்ப யாரைக் கொல்றது, மசணி?"

அவள் கடைசி மானின் நல்லி எலும்பை உடைத்துக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். சிவந்த தண்ணீர்தான் வழிந்தது.

கெம்பி ஒரு வாய் குடித்தாள். "அம்மா, இதுல ஒண்ணுமே இல்லையே."

மசணி மகளின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தோலுக்கு அடியில் எலும்பு நேராகக் கைக்கு அகப்பட்டது. அதனுள் என்ன இருக்கும் என்று உடைத்துப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது. பனி விலகும் முன்பே கெம்பி போய்விட்டாள்.

தன் பகை தீர்க்கப் பொய்ச்சாட்சி சொன்னால், பழி சுமந்தவனோடு சாட்சி சொன்னவரின் குடியும் அழியும்.