இல்லை நோட்டு

ஆற்றங்கரையை ஒட்டி ஒரு நூலகம் இருந்தது. அங்கே ஒரு வழக்கம். யாராவது வந்து ஒரு புத்தகத்தையோ விவரத்தையோ கேட்டு, அது அகப்படாமல் போனால், எடுத்த எடுப்பில் 'இல்லை' என்று வாயால் சொல்லிவிடக் கூடாது. முதலில் 'இல்லை நோட்டு' என்ற நோட்டில் எழுத வேண்டும். தேதி, கேட்டவர் பெயர், கேட்டது என்ன, எங்கெல்லாம் தேடினோம். எழுதி முடித்த பிறகுதான் இல்லை என்று சொல்லலாம். பாதி நாள், எழுதிக்கொண்டிருக்கும்போதே அது இருக்கும் இடம் ஞாபகம் வந்துவிடும். பேனாவை மூடிவிட்டு எழுந்து போவார்கள்.

அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் நூலகர் மங்கையர்க்கரசி. அங்கே வேலை பார்த்த உத்தண்டிக்கு அவர்தான் குரு. சீடர் குருவைவிடப் பதினோரு வயது மூத்தவர். பஞ்சாலையை மூடிய வருடம் வாட்ச்மேன் வேலை கேட்டு வந்தவரை, வாசலிலேயே நிறுத்திவிடாமல் அலமாரிகளுக்கு நடுவே கூட்டிக்கொண்டு போனார் அந்த அம்மாள். எட்டாம் வகுப்போடு நின்றுபோன மனிதர். பன்னிரண்டு வருடத்தில் நாற்பதாயிரம் புத்தகம் அவருக்கு அத்துப்படி. கண்ணைக் கட்டிவிட்டால்கூடக் கை நேராக அந்தத் தட்டுக்குப் போகும் என்று வாசகர்கள் சொல்வார்கள். அதைக் கேட்கும்போது உத்தண்டி தலையைக் குனிந்துகொள்வார். சிரிப்பை மறைக்கத்தான்.

பிறகு ராயப்பன் வந்தார்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தவர். அது படுத்த பிறகு கம்ப்யூட்டரைத் தானாகவே தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டவர். ஐம்பது வயது. மூன்று வருடத்தில் நூலகத்தின் அட்டவணை முழுவதையும் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஏற்றினார். இப்போது யாரும் படியேறி வர வேண்டாம். வீட்டில் உட்கார்ந்தபடியே செல்போனில், நம் பேச்சிலேயே, இன்னது வேண்டும் என்று கேட்டால் போதும். எந்த அறை, எந்த அலமாரி, எத்தனையாவது தட்டு, எல்லாம் வந்துவிடும். வருகிறவர்களும் உத்தண்டியைத் தாண்டிப் போய் ராயப்பன் மேசை முன்னால் நின்றார்கள்.

உத்தண்டிக்கு வயிறு எரிந்தது.

ராயப்பன் கெட்டவராகவாவது இருந்திருக்கலாம். அதுவும் இல்லை. காலையில் சுக்குக் காப்பி வாங்கிவந்தால் உத்தண்டிக்கும் ஒரு டம்ளர் வரும். எல்லோர் முன்னாலும், அண்ணாச்சி மண்டையைக் கழற்றி ஸ்கேன் பண்ண முடிந்தால் எனக்கு இந்த வேலையே இருக்காது என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். உத்தண்டி அந்தக் காப்பியைப் பாதியிலேயே வைத்துவிடுவார்.

பின்னறை ஒன்று மிச்சமிருந்தது. ஊர்ச் சங்கங்களின் ஆண்டு மலர்கள், கோயில் கொடை நோட்டீஸ்கள், கூட்டுறவு அறிக்கைகள் என்று ஆயிரத்துக்கு மேல் சிறு வெளியீடுகள். அதற்குள் என்ன இருக்கிறது என்று உத்தண்டி ஒருவருக்குத்தான் தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதும் வேலையை மங்கையர்க்கரசி அம்மா அவரிடம் கொடுத்தார். சீட்டை எழுதினால் ராயப்பன் பெட்டியில் ஏற்றுவார். சீட்டின் மேலே தலைப்புக்கு ஓர் இடம். கீழே ஆறு வரி. அந்த ஆறு வரிக்கு அம்மா கொடுத்திருந்த பெயர்: 'எதைக் கேட்டால் இது வர வேண்டும்?'

உத்தண்டி தலைப்பை மட்டும் எழுதினார். ஆறு வரியையும் காலியாக விட்டார்.

ஒரு தடவை ராயப்பன் கேட்டார், கீழே ஒன்றுமே இல்லையே அண்ணாச்சி என்று. உள்ளே விளம்பரம்தான் வே, வேறு என்ன இருக்கு என்று உத்தண்டி சொல்லிவிட்டார். ராயப்பன் அதை நம்பினார். நம்பியதுகூட உத்தண்டிக்குக் கோபமாக இருந்தது.

அதன் பிறகு பின்னறை விஷயம் எதைத் தட்டினாலும் பெட்டி கையை விரித்தது. ராயப்பன் திரும்பிப் பார்ப்பார். உத்தண்டி உடனே எழுந்துவிட மாட்டார். கையில் இருக்கும் பக்கத்தைப் படித்து முடித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, உள்ளே போய் எடுத்துவந்து வைப்பார். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அவர் காலையில் சட்டையை இஸ்திரி போட்டு வந்தார்.

இல்லை நோட்டைப் புரட்டுவதும் அவருக்குப் பிடிக்கும். தான் விடுப்பில் இருந்த நாட்களில் மட்டும்தான் அதில் புதிய வரி விழுகிறது என்பதை அவர் கவனித்திருந்தார். யாருக்கும் தெரியாமல் குத்திக்கொண்ட பதக்கம் மாதிரி அதை வைத்திருந்தார்.

ஆடி மாதம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. செவ்வாய்க்கிழமை பகலில் செல்போன் அடித்தது. திரையில் ராயப்பன் பெயர். உத்தண்டி படுத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். உடம்பு கொதித்தாலும் உள்ளுக்குள் எங்கேயோ குளுகுளுவென்று இருந்தது.

வியாழக்கிழமை காலையில் வேலைக்கு வந்ததும் நோட்டைத்தான் எடுத்தார். ராயப்பன் கையெழுத்தில் அரைப் பக்கம்.

பேச்சித்தாய் என்ற பெண். குளத்தடித் தெரு. குடியிருக்கும் வீடு புறம்போக்கில் இருப்பதாகச் சொல்லிக் காலி செய்ய நோட்டீஸ் வந்திருக்கிறது. நாற்பது வருடத்துக்கு முன்னால் வெள்ளத்தில் வீடு போனவர்களை, தாசில்தாரே கூட இருந்துதான் அந்த மேட்டில் குடிவைத்தார் என்று அவளுடைய அப்பா சுடலைமுத்து சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு ஒரு காகிதம் வேண்டும். தாலுகா ஆபீசில் விசாரணை வியாழக்கிழமை பதினோரு மணிக்கு. தேடிய இடங்கள் என்று, பெட்டியில் தட்டிப் பார்த்த பதினேழு சொற்களை ராயப்பன் எழுதியிருந்தார். வெள்ளம், தெருப் பெயர், அப்பா பெயர், தாசில்தார். கடைசி வரி: 'பின்னறையில் கையாலும் பார்த்தேன், மூன்று மணி நேரம்.'

தூங்கிக்கொண்டிருப்பீர்கள் என்று மூன்றாவது தடவை போன் அடிக்கவில்லை என்றார் ராயப்பன். அழுதுகொண்டே போனாள் அண்ணாச்சி என்றார்.

உத்தண்டிக்கு முழுதாகப் படிக்கக்கூடத் தேவைப்படவில்லை. சைக்கிள் கடைக்காரர்கள் சங்கத்தின் ஆண்டு மலர். பெயர் 'சக்கரம்'. டயர் விளம்பரத்துக்கும் பெடல் விளம்பரத்துக்கும் நடுவே, சங்கம் செய்த வெள்ள நிவாரணம் பற்றி இரண்டு பக்கம். தாசில்தார் முன்னிலையில் மேட்டு நிலத்தில் குடியமர்த்தப்பட்ட நாற்பத்து மூன்று குடும்பங்களின் பெயர்ப் பட்டியல். அந்த மலருக்கு அவர் எழுதிய சீட்டில் இருந்தது ஒரே சொல். சக்கரம்.

பின்னறைக்குப் போனார். ஒரே நிமிடத்தில் வெளியே வந்தார். ராயப்பனிடம் போகவில்லை. மலரைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக அம்மாவின் அறைக்குப் போனார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"ஒரு நூலகத்துக்குத் தேடுற பெட்டி பெருசா, தெரிஞ்ச மனுசன் பெருசா?"

மங்கையர்க்கரசி அவர் கையிலிருந்த மலரைப் பார்த்தார். வாங்கிப் புரட்டினார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து போய் அந்த இரண்டு பக்கத்தையும் நகல் எடுத்து, நூலக முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டார்.

"பதினோரு மணிக்கு விசாரணை. பஸ்சுக்கு அரை மணி நேரம் ஆகும்."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலையேம்மா."

"கொடுத்துட்டு வாங்க."

உத்தண்டி போனார். பஸ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தப் பெண் என்ன சொல்வாள் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். கம்ப்யூட்டரே கையை விரித்ததை இவர் ஒரு நிமிடத்தில் எடுத்துவிட்டாராமே என்று தெருவே பேசும். ராயப்பன் காதுக்கும் போகும். ரயில்வே கேட்டில் பஸ் பதினைந்து நிமிடம் நின்றது. அதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். கேட்டுத்தான் கண்டுபிடித்தார். நாற்பது வயது இருக்கும். விசாரணையில் முதல் பெயரே அவளுடையதுதானாம். கூப்பிட்டார்கள், ஒன்றும் காட்ட முடியவில்லை, ஆதாரம் தாக்கல் செய்யவில்லை என்று எழுதிவிட்டார்கள். சொல்லும்போது அவளிடம் அழுகை இல்லை. அது முந்தாநாளே தீர்ந்துபோயிருந்தது.

உத்தண்டி நகலை நீட்டினார். இருபத்தேழாவதாக இருந்த அப்பா பெயரில் அவள் விரல் நின்றது. எழுந்து ஓடினாள். அவர் வெளியிலேயே நின்றார். கால் மணி நேரம் கழித்து வந்தாள். வாங்கி வைத்துக்கொண்டார்கள், ஆனால் எழுதியதை இன்றைக்கு மாற்ற முடியாதாம், அடுத்த விசாரணை இரண்டு மாதம் கழித்து, அதுவரைக்கும் வீட்டைத் தொடமாட்டோம் என்று எழுதித் தர முடியாதாம். இரண்டு மாதம் யார் எப்போது வந்து கதவைத் தட்டுவார்களோ என்று பயந்துகொண்டு இருக்க வேண்டியதுதான் என்றாள். பரவாயில்லை, காகிதமாவது கிடைத்ததே என்றும் சொன்னாள்.

பிறகு அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"ராயப்பன் அண்ணாச்சி கொடுத்துவிட்டாகளா? எனக்காக அன்னைக்குச் சாப்பிடக்கூட இல்ல அவுக."

உத்தண்டி சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அவரு இல்லம்மா. நான்தான் கண்டுபிடிச்சேன். பார்த்த நிமிசமே தெரிஞ்சு போச்சு."

அவள் கண்ணில் மரியாதை வந்தது. அதற்காகத்தான் அவர் இத்தனை தூரம் வந்திருந்தார். ஒரு நிமிடம் அது நின்றது. அப்புறம் அவள் நெற்றி சுருங்கியது. குற்றம் சொல்லும் முகம் இல்லை. தெரியாமல் கேட்கிறவள் முகம்.

"அப்போ அன்னைக்கு ஏன் வரல? அப்பா பேரு, தெரு பேரு எல்லாம் போட்டாகளே."

"அதுக்குச் சீட்டு எழுதினவன் சரியா எழுதல."

"யாரு எழுதினது?"

பஸ் வந்தது. அவர் போக வேண்டிய பஸ்கூட இல்லை. பஸ் வந்துட்டும்மா என்று சொல்லி ஏறிவிட்டார்.

இரண்டு பஸ் மாறி மத்தியானம் வந்து சேர்ந்தார். ராயப்பன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். கிடைத்துவிட்டதாமே, அம்மா சொன்னார்கள் என்று இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நோட்டைத் திறந்து, தான் எழுதிய அரைப் பக்கத்தின் மேல் குறுக்காகக் கோடு இழுத்தார். ஓரத்தில் எழுதினார்: 'கிடைத்தது. உத்தண்டி அண்ணாச்சி.'

எத்தனையோ நாள் உத்தண்டி ஆசைப்பட்ட வரி அது. படித்தார். மறுபடி படித்தார். ராயப்பன் முகத்தில் எங்கேயாவது ஒரு சுளிப்பு இருக்கிறதா என்று தேடினார். ஒன்றும் இல்லை. இவரைப் பார்த்து வயிறு எரிவதற்கு அங்கே ஆளில்லை.

அம்மாவின் அறைக்குப் போனார். மேசை மேல் அவர் எழுதிய சீட்டுகள் எல்லாம் கட்டுக் கட்டாக இருந்தன. ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு தலைப்பு, கீழே ஆறு காலி வரி. பக்கத்தில் இல்லை நோட்டின் பழைய புத்தகங்கள் மூன்று. நீங்கள் போன பிறகு எடுத்துப் பார்த்தேன் என்றார் மங்கையர்க்கரசி. உட்காருங்கள் என்றார்.

உத்தண்டி உட்காரவில்லை. நின்றபடியே நடந்ததைச் சொன்னார். செல்போன் இரண்டு தடவை அடித்ததைச் சொன்னார். ரயில்வே கேட், ஜெராக்ஸ் கடை, இரண்டு மாதம். யார் எழுதியது என்று அந்தப் பெண் கேட்டதைச் சொன்னார். அதற்குள் பஸ் வந்துவிட்டது என்றும் சொன்னார்.

அம்மா கையை நீட்டி, மேல் கட்டிலிருந்து முதல் சீட்டை உருவி அவர் பக்கம் தள்ளினார். அதன் மேல் ஒரு பேனாவை வைத்தார்.

உத்தண்டி பேனாவைத் தொடவில்லை. அவர் குரல் மெலிந்து போயிருந்தது.

"இத்தனை வருசத்துல எனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதாம்மா. இதையும் எழுதிக் கொடுத்துட்டா, அப்புறம் என்கிட்ட வந்து யாரு எதைக் கேட்பா?"

மங்கையர்க்கரசி நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னைக்கு ஒருத்தி கேட்டாளே, உத்தண்டி. அவளுக்கு என்ன பதில் சொன்னீங்க?"