காலிஃபிளவரின் விலை

"இந்த ஊர்ல மனுஷன் பொழைக்க முடியாது தாயி," என்றான் இருளப்பன். "ஒரு காலிஃபிளவர் நானூறு ரூபாய்!"

அமலோற்பவம் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"கடைக்காரன் ரூபாயா கேட்டான்?"

"டாலர்தான் கேட்டான். நான் பெருக்கிப் பாத்தேன்."

"வாங்கினீங்களா அண்ணே?"

"வாங்குவேனா? தொட்டுப் பாத்துட்டு வந்துட்டேன்."

கனடாவில் ஒரு குளிர் நகரம். தமிழ் மாணவர்கள் சேர்ந்து குடியிருந்த வாடகை வீடு. அந்த வீட்டில் வயதுக்கு மதிப்பில்லை, பனிக்காலத்துக்குத்தான் மதிப்பு. யார் அதிகம் பனிக்காலம் பார்த்தவரோ அவரே குரு. தூத்துக்குடி அமலோற்பவத்துக்கு வயது இருபத்து மூன்று. அவள் பார்ப்பது மூன்றாவது பனிக்காலம். அருப்புக்கோட்டையில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துவிட்டு, முப்பது வயதில் மேற்படிப்புக்கு வந்த இருளப்பனுக்கு இதுதான் முதல். ஆகவே அவன் சீடன்.

கணக்கில் அவன் புலி. விலைச்சீட்டைப் பார்த்ததும் கண் இமைப்பதற்குள் ரூபாயாக்கிவிடுவான். பஸ் டிக்கெட்டைப் பெருக்கினான், நடந்தே கல்லூரிக்குப் போனான். முடிவெட்டும் கூலியைப் பெருக்கினான், தானே வெட்டிக்கொண்டு எலி கடித்த தலையோடு ஒரு மாதம் திரிந்தான்.

"காலிஃபிளவருக்கா மூஞ்சி இப்படித் தொங்குது?" என்றாள் குரு.

இருளப்பனின் குரல் இறங்கியது.

"திங்கக்கிழமை பேராசிரியர் எங்களை ஏரிக்கு வரச் சொல்லியிருக்காரு. ஏரி முழுக்க ஐஸா கெடக்கு. அதுல ஓட்டை போட்டு, சாயங்காலம் வரைக்கும் நின்னு சோதனைக்குத் தண்ணி எடுக்கணும். கடைசி வரைக்கும் நிக்கிற ஆளுக்கு அவர்கிட்ட உதவியாளர் வேலை. மணிக்கணக்குல சம்பளமும் உண்டு, படிப்புக் கட்டணமும் கிடையாது."

"வேலை கிடைக்கலேன்னா?"

"அடுத்த பருவத்துக்குக் கட்டப் பணமில்ல. மூட்டையக் கட்ட வேண்டியதுதான்."

அவனை வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆட்கள் மதுரை விமான நிலையம் வரை வந்திருந்தார்கள். அத்தனை பேர் முகத்திலும் எப்படி முழிப்பான்?

"நல்ல கோட்டு இருக்கா?"

"இருபத்திரண்டாயிரம் ரூபாய் தாயி! எங்கிட்ட இருக்கிற பட்டு வேட்டியே மூவாயிரந்தான். மூணு பனியன் இருக்கு, ஸ்வெட்டர் இருக்கு, அம்மா கொடைக்கானல்ல வாங்குன குரங்குக் குல்லா இருக்கு. கோட்டு இல்லாமச் சமாளிக்க ஒரு வழி சொல்லு. செலவில்லாத வழியாச் சொல்லு."

குரு கத்தியைக் கீழே வைத்தாள்.

"அத்தனையும் போட்டுக்கிட்டு வாசலுக்கு வாங்க."

வந்தான். வெளியே நல்ல வெயில். ஆனால் அந்த ஊர் வெயிலுக்கு வெளிச்சம் மட்டும்தான் உண்டு. காற்று பனியனையெல்லாம் துளைத்துக்கொண்டு எலும்பைத் தொட்டது.

"எல்லாத்தையும் பெருக்குவீங்கல்ல? இந்தக் குளிரையும் நம்ம ஊருக்கு மாத்திச் சொல்லுங்க. எவ்வளவு வருதுன்னு பாப்போம்."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இருளப்பன் கணக்கை ஆரம்பித்தான். அருப்புக்கோட்டை மார்கழி விடியலை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இது... மூக்கு மரத்துப்போனது. காது எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்த்துக்கொண்டான். கண்ணில் வந்த நீர் இமையிலேயே கட்டியாகி நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்கு ஒரு கணக்கு வரவில்லை.

கதவைத் தட்டினான்.

"எவ்வளவு வந்துச்சு?"

"வ... வரல."

"உள்ள வாங்க. காபி குடிங்க."

அவ்வளவுதான் உபதேசம்.

பாதிக் காபியிலேயே இருளப்பன் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தான்.

"கோட்டுக் கடைக்கு எந்த பஸ் தாயி போகும்?"

திங்கட்கிழமை ஏரிக்கு ஐந்து பேர் வந்தார்கள். மதியத்துக்குள் இருவர் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். மூன்றாமவனுக்கு விரல் மடங்கவில்லை. நான்காமவள் அழுதேவிட்டாள். இருளப்பன் முழங்கால் வரை இறங்கிய கறுப்புக் கோட்டில், சொந்த ஊர்க் கண்மாய்க் கரையில் நிற்பவனைப் போல நின்றான். பனிக்கட்டியைத் துளைத்தான், முகந்தான், புட்டியை மூடினான், அடுத்த ஓட்டைக்கு நடந்தான். பொழுது சாய்ந்தபோது ஒரு புட்டிகூடக் காலியாக இல்லை. பேராசிரியர் கையுறையைக் கழற்றிவிட்டு அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சேதி அவனுக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்திருந்தது. மாடிப்படியில் நின்று அத்தனை பேரும் விசில் அடித்தார்கள். யாரோ குக்கர் மூடியில் கரண்டியால் தாளம் போட்டார்கள். ஊரில் அம்மாவுக்கு வீடியோவில் காட்டினார்கள். அவள் மகன் முகத்தை விட்டுவிட்டுக் கோட்டையே பார்த்துப் பார்த்துச் சிரித்தாள்.

அமலோற்பவம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். இருளப்பனின் கோட்டு நெஞ்சருகே புடைத்திருந்தது.

"உள்ள என்ன?"

பொத்தான்களைக் கழற்றினான். உறைந்துவிடக் கூடாது என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருந்தான். பெரிய, வெள்ளை வெளேரென்ற காலிஃபிளவர்.

"அடேயப்பா! என்ன விலைண்ணே?"

பழைய கணக்கு நாக்கு நுனி வரை வந்தது. வீடே அவன் வாயைப் பார்த்தது.

இருளப்பன் சிரித்தான்.

"கால் மணி நேர வேலை தாயி."