அமைச்சர் வீட்டுப் பூசணிக்காய்

வெகுகாலத்துக்கு முன்னே, ஆற்றுக்கு இந்தக் கரையை ஆண்டவர் வில்லவராயர். காலையில் சொன்னதை மத்தியானம் மாற்றிவிடும் மகராசன். ஆனால் வெள்ளை மனசு. பிள்ளை இல்லாததால் தங்கை மகன்கள் சேந்தன், ஆதன் இருவரில் ஒருவனுக்குப் பட்டம் கட்ட வேண்டும். யார் சேவல் ஜெயிக்கிறதோ அவனுக்கே முடி என்று கிளம்பிவிட்டார். அமைச்சர் திருமலையப்பர்தான் தடுத்தார். அக்கரை அரசோடு உரசல் இருக்கும் நேரம். அந்த விஷயத்தில் இவர்கள் யாரிடம் யோசனை கேட்பார்கள் என்று பார்த்தாலே போதும் என்றார்.

சேந்தன் அழைத்துவந்தது சபை வித்வான் வாகீசரை. அக்கரையில் கால் வைக்காமலே அந்த நாட்டைப் பற்றி எட்டு நூல் எழுதியவர். அமைச்சர் பதவிமேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். ஆதன் அழைத்துவந்தது ஓடக்காரி பேச்சியம்மாவை. சபை விழுந்து விழுந்து சிரித்தது. பாவம், ஆதன் கூனிக் குறுகிப்போனான். ஆனாலும் அவளைத் திரும்பிப் போகச் சொல்லவில்லை.

அந்தச் சமயம் அக்கரைத் தூதன் என்று ஒருவன் வந்து, பாதியாக வெட்டிய பூசணிக்காயை அரசர் முன் வைத்துவிட்டுப் பேசாமல் நின்றான்.

வாகீசர் கொதித்தார். உங்கள் தலையை இப்படித்தான் வெட்டுவோம் என்று மிரட்டுகிறார்கள், தம் மூன்றாவது நூலிலேயே இது இருக்கிறது என்றார். சேந்தன் வாளை உருவினான். அரசரும் போர்முரசு அறையச் சொல்லிவிட்டார்.

ஆதன் பேச்சியம்மா பக்கம் திரும்பினான். "உனக்கு என்னம்மா தோணுது?" என்றான்.

"தெரியாது சாமி. கேட்டுப் பார்ப்போம்," என்ற பேச்சியம்மா தூதனிடம் போனாள். "சாப்பிட்டியாப்பா? எந்த ஓடத்துல வந்தே?"

"உன் ஓடத்துலதான்."

"என் ஓடம் ஓட்டை அடைக்க மூணு நாளாக் கரையில கவுந்து கிடக்கு. இந்த ஆத்துல வேற ஓடம் கிடையாது. சாமி, இவன் ஆறு தாண்டி வந்த ஆள் இல்லை."

ஆதன் ஓடிப்போய் முரசுக்காரன் கையைப் பிடித்துக்கொண்டான். தூதன் அசடு வழிந்தான். அவன் அமைச்சர் வீட்டுச் சமையல்காரன்.

"மன்னிக்க வேண்டும் அரசே," என்றார் திருமலையப்பர். "இருவரையும் சோதிக்க நான்தான் இவனை அனுப்பினேன். காய் என் கொல்லையில் காய்த்தது. மறுபாதி எங்கள் வீட்டில் கூட்டாக வெந்துகொண்டிருக்கிறது. இதற்காகத்தான் ஆயிரம் பேர் சாக இருந்தார்கள்."

அரசருக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு வெட்கம், கடைசியில் அடக்கமாட்டாத சிரிப்பு. ஆதனுக்குப் பட்டம் என்றார். பேச்சியம்மாவுக்குச் சபையில் ஆசனம். வாகீசர் மட்டும் அக்கரைக்குப் போய் ஒரு வருஷம் இருந்துவிட்டு வர வேண்டும்.

ஓட்டை அடைத்த ஓடத்தில் வாகீசர் ஏறினார். நடு ஆற்றில் கூட வந்தவர் ஒருவர், அக்கரையில் இப்போது மழை உண்டா என்று வித்வானைக் கேட்டார். வாகீசர் அக்கரைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"தெரியாது. போய்க் கேட்டுப் பார்ப்போம்," என்றார்.

பேச்சியம்மா துடுப்பை நிறுத்தி, அவருக்கு ஒரு வெற்றிலை மடித்துக் கொடுத்தாள்.