செம்பு கலந்த பொற்காசு

முன்னொரு காலத்தில் ரைன் நதிக்கரையில் ஒரு நாட்டை லோத்தார் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். அவன் நாட்டில் அடித்த குல்டன் என்கிற பொற்காசை அக்கம்பக்கத்து நாடுகளில்கூட உரசிப் பார்க்காமல் வாங்குவார்கள். அந்த நல்ல பேரைக் காத்துவந்தவர் மந்திரி வோல்க்மார்.

அவர்மேல் பொறாமை கொண்ட பொக்கிஷ அதிகாரி கெர்லாக், ஒருநாள் ராஜாவின் காதைக் கடித்தான். "தங்கத்தில் கொஞ்சம் செம்பு சேர்த்தால் புதுக் கோட்டையே கட்டலாம், மகாராஜா. யாருக்குத் தெரியப்போகிறது?"

மந்திரி எவ்வளவோ தடுத்தார். ராஜா கேட்கவில்லை. செம்பு கலந்த காசு வந்தது. அதை வாங்க மறுப்பவரின் வலது கை வெட்டப்படும் என்று ஊரெல்லாம் பறையறைந்தார்கள்.

கம்பளி விற்கும் ஹெட்விக்கிடம் அரண்மனை வீரர்கள் போர்வைகள் வாங்கிவிட்டுப் புதுக் காசை நீட்டினார்கள். அவள் உரசிப் பார்த்தாள். "இது வேண்டாம்" என்றாள். அவளைக் கடைத்தெரு வழியாகச் சபைக்கு இழுத்துவந்தார்கள்.

"என் முகம் பொறித்த காசையா வேண்டாம் என்றாய்?" என்று சீறினான் ராஜா.

"முகம் உங்களுடையது, செம்பும் உங்களுடையது. கம்பளி என்னுடையது. அதைத் திருப்பிக் கொடுங்கள்" என்றாள் அவள்.

கெர்லாக் கத்தியைக் கொண்டுவரச் சொன்னான். மந்திரிக்கு ரத்தம் கொதித்தது. ஆனாலும் குரலை உயர்த்தாமல், "தண்டனை நடக்கட்டும். அதற்குமுன் என் தோட்ட வரியைக் கட்டிவிடுகிறேன்" என்று ஒரு பையை நீட்டினார்.

கெர்லாக் பையைத் திறந்து பார்த்துவிட்டுத் தள்ளினான். "புதுக் காசு பொக்கிஷத்துக்கு ஆகாது. பழையதைக் கொண்டுவாரும்."

"மகாராஜா, இவரும் மறுத்துவிட்டார்" என்றார் மந்திரி. "கத்தி தயாராக இருக்கிறது."

கெர்லாக் சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். "பழைய காசை மட்டும் வாங்கச் சொன்னது மகாராஜாதானே" என்று உளறிவிட்டான்.

"அப்படியானால் யாருடைய கையை வெட்டுவது?" என்று மந்திரி ராஜாவைப் பார்த்தே கேட்டார்.

ராஜாவின் முகம் கறுத்தது. கத்தியை அப்பால் கொண்டுபோகச் சொன்னான். கெர்லாக்கின் பதவியைப் பறித்து, அவன் சொத்தை விற்றுச் செம்புக் காசுகளையெல்லாம் திரும்ப வாங்க உத்தரவிட்டான். மந்திரியையே பொக்கிஷத்துக்கும் தலைவராக்கினான்.

"உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றான் ஹெட்விக்கிடம்.

அவள் கோபம் தணியவில்லை. "என்னை இழுத்துவந்ததைத் தெருவே பார்த்தது. தப்பு யாருடையது என்று அந்தத் தெருவில் வந்து நீங்களே சொல்லுங்கள்."

அன்று மாலை ராஜா கடைத்தெருவுக்கு நடந்துபோய், தப்பு தன்னுடையதுதான் என்று தன் வாயாலேயே சொன்னான். எப்போதும் அவனைக் கண்டதும் வாழ்த்துகிற தெருவில், அன்று ஒருவரும் வாழ்த்தவில்லை.