மௌனச்சாமியின் நாக்கு

பசுவைத் தானம் கொடுத்தால் புண்ணியம் என்பார்கள். பச்சோந்தியைத் தானம் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்று எந்தப் பெரியவரும் சொல்லிவைக்கவில்லை. ஆனாலும் கொல்லிமலை அடிவாரத்தில் இருந்த நல்லம்மாவின் ஆசிரமத்துக்கு ஒரு பச்சோந்தி தானமாக வந்தது.

கொண்டுவந்தவர் ஈரோட்டு ஜவுளிக்கடைக்காரர் ஒருவரின் மகன். குடும்பத்தோடு கனடாவுக்குப் போகிறார். பச்சோந்தி வெளிநாட்டுச் சாதி. கூண்டிலேயே வளர்ந்தது, காட்டில் விட்டால் பிழைக்காது. வலைக்கூண்டு, ஒரு விசேஷ விளக்கு, டப்பாவில் வெள்ளைப் பொடி, ஒரு பானை நிறைய உயிருள்ள சுவர்க்கோழிப் பூச்சிகள் எல்லாவற்றையும் இறக்கிவைத்துவிட்டு, எதை எப்போது எப்படிக் கொடுப்பது என்று அரைமணி நேரம் விளக்கம் சொன்னார்.

அதைக் கேட்டுக்கொண்டவர் சென்னியப்பன். நல்லம்மாவின் மூத்த சீடர். மூத்தவர் என்றால் நிஜமாகவே மூத்தவர்தான். குருவுக்கு நாற்பத்துநாலு வயது, இவருக்கு அறுபத்துமூன்று. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை மகா கோபக்காரர். ஓய்வு பெற்ற மறுநாளே கோபத்தைத் துறந்தார். சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொன்ன வாரத்தில் இனிப்பைத் துறந்தார். துறந்த தேதிகளை யார் கேட்டாலும் சொல்வார். காரணத்தை யாரும் கேட்டதில்லை.

"பத்திரமாப் பாத்துக்கங்ணா" என்று சொல்லிவிட்டு நல்லம்மா அன்றே நாமக்கல்லுக்குப் பஸ் ஏறினார். அங்கே அவருடைய அக்காவுக்குக் கண் ஆபரேஷன். அக்காவின் கோழிப்பண்ணையை இரண்டு மாதம் இவர்தான் கவனிக்க வேண்டும். குருவின் குடும்பத் தொழில் கோழி வளர்ப்பு. அதை அவர் மறைத்ததே இல்லை. சென்னியப்பன்தான் வருகிறவர்களிடம் மறைத்துக்கொண்டிருந்தார்.

பச்சோந்தியைப் பார்க்கப் பார்க்கச் சென்னியப்பனுக்கு மனசு உருகியது. எவ்வளவு நேரமானாலும் அசையாமல் இருந்தது. ஒரு கண் கிழக்கே பார்த்தது, மறு கண் மேற்கே பார்த்தது. வாயைத் திறந்து ஒரு சத்தம் இல்லை. மௌனச்சாமி என்று பெயர் வைத்தார். இப்பேர்ப்பட்டவருக்கு விளக்கு எதற்கு என்று அதைக் கழற்றிவிட்டு, கூண்டைக் கொண்டுபோய்த் தியான அறையில் வைத்தார். தியான அறைக்கு ஜன்னல் கிடையாது.

சாப்பாட்டில்தான் சிக்கல் வந்தது. எள்ளுச் சாதம் வைத்தார். வாழைப்பழம் வைத்தார். மௌனச்சாமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உயிருள்ள பூச்சிதான் வேண்டும். உயிர்க்கொலை ஆகாத இடத்தில் இதற்கு என்ன செய்வது என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு சென்னியப்பன் ஒரு வழி கண்டுபிடித்தார். போகிற உயிர் சுத்தமாகப் போகட்டும். சுவர்க்கோழிகளை இரண்டு நாள் முழுப்பட்டினி போட்டார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, உடம்பெல்லாம் திருநீறு பூசி, சிவசிவா என்று சொல்லிக் கூண்டுக்குள் விட்டார். வெள்ளைப் பொடி டப்பா அலமாரிக்குப் போய்விட்டது. பூச்சிக்குப் பவுடர் போட்டு அனுப்ப இது என்ன கல்யாண வீடா என்பது அவருடைய கேள்வி.

ஒரு மாதம் கழித்து மௌனச்சாமியின் முன்னங்கால் நடுங்கத் தொடங்கியது. பக்திப் பரவசம் என்று சென்னியப்பன் கையெடுத்தார். பிறகு அது கிளையைப் பிடிக்காமல் கூண்டின் தரையிலேயே கிடந்தது. பற்று விட்டுப்போயிற்று என்று புரிந்துகொண்டார். கால் வில்லாக வளைந்தது. நமக்குத் தெரியாத ஏதோ ஆசனம். கடைசியில் ஒருநாள், சுவர்க்கோழி மூக்குக்கு நேராக வந்து நின்றும் நாக்கு வெளியே வரவில்லை. மனிதர்களால் ஆகாத நாவடக்கம். சென்னியப்பன் கூண்டின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களும் விழுந்தார்கள். யாரோ ஒருவர் மாலை வாங்கி வந்திருந்தார்.

நல்லம்மா திரும்பி வந்தபோது கூண்டைச் சுற்றி ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது.

"அம்மா, ஒரு சந்தேகமுங்க" என்றார் சென்னியப்பன்.

"கேளுங்ணா."

"அஞ்சு வருஷமா என்னால ஏற முடியாத படியை, இவரு ரெண்டே மாசத்துல ஏறிட்டாரு. அது எப்படீங்க?"

நல்லம்மா கூண்டருகே போனார். ஊதுபத்தியை அணைத்தார். மாலையை எடுத்துப் போட்டார். பச்சோந்தியை உள்ளங்கையில் வைத்து, அதன் பாதத்துக்குள் தன் விரலைக் கொடுத்தார். பாதம் விரலைப் பிடிக்கவில்லை. கீழ்த்தாடையை லேசாகத் தொட்டார். வெண்டைப்பிஞ்சு போல வளைந்தது.

"இது என்னங்ணா சாப்பிடுது?"

"சுவர்க்கோழிங்க."

"சுவர்க்கோழி என்ன சாப்பிடுது?"

"அதுங்க விரதமுங்க."

"அப்ப இதுவும் ரெண்டு மாசமா விரதத்தைத்தான் சாப்பிட்டிருக்குது."

சென்னியப்பனுக்கு விட மனமில்லை.

"நாக்கை அடக்கிட்டாருங்கம்மா" என்றார்.

"நீட்ட முடியலைங்ணா. எங்கக்கா பண்ணையில முட்டைக்கு ஓடு கட்டிக் கட்டியே கோழிக்குத் தன் எலும்பு கரைஞ்சு போயிரும். இப்படித்தான் கால் மடங்கி உக்காந்திருக்கும். நாங்க அதைக் கும்பிடறதில்ல. தீவனத்துல கிளிஞ்சல் பொடி போடுவோம்."

அடுத்த பஸ்ஸிலேயே இருவரும் நாமக்கல்லுக்குக் கிளம்பினார்கள். தன் காலத்தில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட வண்டியில் ஏற்றவிடாத சென்னியப்பன், கூண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் வந்து, "லக்கேஜுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, நோயாளி."

கால்நடை டாக்டர் எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் புகைதான் இருந்தது. கால்சியம் சுத்தமாக இல்லை என்றார். கொடுத்திருந்தாலும் வெயில் படாத உடம்பில் அது ஒட்டாது என்றார். சொட்டு மருந்து கொடுத்து, விளக்கை மறுபடி மாட்டச் சொன்னார், காலை வெயிலில் வைக்கச் சொன்னார். அந்த ஜவுளிக்கடைக்காரர் மகன் சொன்னதையேதான் இவரும் சொன்னார். என்ன, இவர் சட்டைப்பையில் ஸ்டெதாஸ்கோப் இருந்தது.

"பதினஞ்சு நாளுக்குள்ள தானா நாக்கை நீட்டிச் சாப்பிட்டுதுன்னா பொழைச்சுக்கும். இல்லைன்னா கஷ்டந்தான்."

பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே சென்னியப்பன் அழுதார். பரவசம் ஒன்றும் இல்லை. அந்தப் பிராணியின் மேல் அவருக்கு உயிர். வாய் பேசாத ஒன்றைத் தன் கையாலேயே சாகக்கொடுத்துவிட்டோமே என்று பதறினார்.

"நானே கொன்னுட்டேனுங்களாம்மா?"

"இன்னும் சாகலைங்ணா."

"இவரு பொழைக்கோணும்னு நாப்பத்தெட்டு நாள் பட்டினி கிடக்கறேனுங்க."

"பட்டினியாலதான் இந்தக் கதிக்கு வந்திருக்குது. இன்னொரு பட்டினி எதுக்குங்ணா? போயி முருங்கை ஒடிச்சுட்டு வாங்க."

மறுநாளிலிருந்து ஆசிரமத்துச் சமையலறையில் முதல் பந்தி சுவர்க்கோழிகளுக்கு. முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, பூசணித் துண்டு எல்லாவற்றையும் சென்னியப்பனே பொடிப்பொடியாக நறுக்கிப் பானைக்குள் போட்டார். அவை வயிறு முட்டத் தின்ற பிறகு, டப்பாவில் இருந்த கால்சியப் பொடியைக் கோலமாவு தூவுவது போல மேலாகத் தூவி, உதறிவிட்டுப் போவதற்குள் கூண்டுக்குள் விட வேண்டும்.

"ஏகாதசி அன்னிக்கு மட்டும் கீரையை நிறுத்திக்கலாமுங்களா?" என்று கேட்டுப்பார்த்தார்.

"அதுங்களுக்குத் திதி தெரியாதுங்ணா."

காலை வெயிலில் கூண்டைக் கிணற்றடியில் வைத்து, பாதிக்கு நிழல் கட்டி, பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். சொட்டு மருந்தை வாயோரத்தில் விட்டார். இலைமேல் தண்ணீர் தெளித்தார். நாள்களை எண்ணினார். பத்தாம் நாள் வரை ஒன்றும் நடக்கவில்லை. பதினோராம் நாள் ஒரு பாதம் குச்சியைப் பிடித்தது. பன்னிரண்டாம் நாள் நாக்கு கொஞ்சம் வெளியே எட்டிப்பார்த்து, நடுவழியில் தொங்கி, திரும்பிப்போனது. சென்னியப்பன் அன்று சோறு இறங்காமல் எழுந்துகொண்டார். நல்லம்மா அவரை மறுபடியும் இலை முன்னால் உட்காரவைத்தார்.

பதினாலாம் நாள் காலை. சுவர்க்கோழி ஒரு சாண் தூரத்தில் மீசையை ஆட்டிக்கொண்டு நின்றது. இரண்டு கண்ணும் ஒரே பக்கம் திரும்பின. சட்டென்று நாக்கு பாய்ந்தது. சுவர்க்கோழியைக் காணோம். வாய் மட்டும் மென்றுகொண்டிருந்தது.

"போலாம், ரைட்" என்று சென்னியப்பன் தன்னையறியாமல் கத்திவிட்டார். பஸ் எதுவும் இல்லாத அடிவாரத்தில் இரண்டு ஆடுகள் திரும்பிப் பார்த்தன.

அதற்குப் பிறகு மௌனச்சாமியைப் பிடிக்க முடியவில்லை. வளைந்த கால் வளைந்தபடியே நின்றுவிட்டது, அது இனி நேராகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மற்றபடி தேறிவிட்டது. பானையின் மூடி அசைந்தாலே கழுத்தை நீட்டியது. நான்கு தின்றால் ஐந்தாவதைத் தேடியது. கிளையிலிருந்து எடுக்கப்போனால் கிளையோடுதான் வந்தது. கூண்டைக் கழுவப்போன சென்னியப்பனைப் பார்த்து உடம்பை ஊதி, கறுத்து, உஸ்ஸென்று சீறியது. இரண்டு மாதம் நிழலில் தவம் இருந்தவருக்குச் சுள்ளென்று வெயில் பட்டதும் சகல குணமும் வந்து சேர்ந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பார்க்க வந்தவர்கள் எதிரிலேயே சென்னியப்பனின் ஆள்காட்டி விரலைக் கவ்விக்கொண்டது. விடுவிக்க ஐந்து நிமிடம் ஆனது. மாலை வாங்கி வந்தவர் மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

சென்னியப்பன் விரலைப் பிடித்தபடி நல்லம்மாவிடம் போனார். ரத்தம் சொட்டியது. 

"பொழைச்சுட்டாருங்கம்மா. அதுல எனக்குக் குறையில்லீங்க."

"அப்பறம் என்னங்ணா?"

"பசி வந்துருச்சு. ஆசை வந்துருச்சு. இப்பக் கோபமும் வந்துருச்சுங்க. எல்லாத்தையும் விட்டிருந்த மகானுக்கு, நாமளே மருந்து ஊத்தி, கீரை போட்டு, எல்லாத்தையும் திரும்பக் கொடுத்துட்டமே. இவருக்கு நாம நல்லதுதான் பண்ணியிருக்கறமுங்களா?"

நல்லம்மா அவருடைய விரலைக் கழுவினார். மஞ்சள்தூள் வைத்து, துணியைச் சுற்றி, முடிச்சுப் போட்டார்.

"அப்ப இது எதையும் விடலைங்ணா, ஒண்ணும் இல்லாமக் கிடந்துது. விடறதுக்கு இதுகிட்ட இப்பத்தான் ஏதோ இருக்குது" என்றார்.

சென்னியப்பன் கட்டுப் போட்ட விரலோடு முருங்கை ஒடிக்கப் போனார்.