அத்தானின் டேப்லெட்டும் ஞாயிற்றுக்கிழமை நாலரை மணியும்

ஆவுடையப்பன் வாயைத் திறந்தால் கேட்பவர்களுக்கு இரண்டே வழிதான். நம்ப வேண்டும், இல்லை எழுந்து போக வேண்டும். அவருடைய மைத்துனன் சங்கரலிங்கம் இதுவரை எழுந்து போனதே இல்லை. அக்காள் புருஷன் சொன்னால் அவனுக்கு அது வேதவாக்கு.

வயிறு எரிந்தது அவன் மனைவி செண்பகவல்லிக்குத்தான். கோவில்பட்டியில் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, ஆறு வருடமாகப் பள்ளிக்கூடங்களுக்குக் கேள்வித்தாள் அடித்துக் கொடுக்கிறவள் அவள். மறுநாள் காலாண்டுப் பரீட்சை. கணக்குக் கேள்வித்தாளை வாங்கிப்போக வந்த ஸ்டெல்லா டீச்சர் ஸ்டூலில் காத்திருந்தார். பாதிதான் அடித்திருந்தது. அதற்குள் சங்கரலிங்கம் வந்து வயர்களைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டான்.

பஜாரில் ஒரு கடையில் எக்ஸ்சேஞ்ச் மேளாவாம். பழைய கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டுப் புது டேப்லெட் எடுத்துக்கொள்ளலாம். அன்று சாயங்காலம் ஆறு மணியோடு சரி. அத்தான் போன வாரமே ஒன்று எடுத்துவிட்டார். மைத்துனனும் எடுத்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டே வந்திருந்தார்.

“நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள பெட்டி வாசலைத் தாண்டிரணும்” என்று சங்கரலிங்கம் பரபரத்தான். ராகு காலத்தில் அவன் நகம்கூட வெட்ட மாட்டான். அது முடியவும் மணி ஆறாகிவிடும்.

அப்போது மணி நாலு. காலையிலிருந்து மூன்று தடவை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டாள். யார் காதில் விழுந்தது? மூத்த மாப்பிள்ளை பேச்சுக்கு மறுபேச்சு அந்தக் குடும்பத்தில் கிடையாது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஸ்டெல்லா டீச்சர்தான் பொறுக்க முடியாமல் கேட்டார். “ஏன் சார், உங்க டேப்லெட்டுல கேள்வித்தாள் அடிக்க முடியுமா?”

“அடிக்கவா? நான் எதுக்கும்மா அடிக்கேன்? வாயால சொன்னா அதுவே அடிச்சிரும். காப்பி ஆறுறதுக்குள்ள நாப்பது பக்கம்.”

“கணக்குல பின்னம், வர்க்கமூலம் எல்லாம் வருமே?”

“சொல்லக்கூட வேண்டாம். நெனைச்சாப் போதும். நேத்து நான் சும்மா ஒரு கணக்கை நெனைச்சேன். விடையும் போட்டு, நூத்துக்கு நூறு மார்க்கும் போட்டுட்டு!”

“அப்படியா அத்தான்!” என்று சங்கரலிங்கம் வாயைப் பிளந்தான். பிடித்திருந்த வயர் கையிலிருந்து நழுவியது.

செண்பகவல்லி அதைப் பார்த்தாள். அத்தான் வாய் ஓடினால் புருஷன் கை நின்றுவிடுகிறது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், ஒரு தட்டு நிறைய காராச்சேவைக் கொண்டுவந்து ஆவுடையப்பன் முன்னால் வைத்தாள்.

“அண்ணாச்சி, சார்ஜ் எம்புட்டு நேரம் நிக்கும்?”

“வாங்குன அன்னைக்கு ஒரு தடவை போட்டது தாயி. இன்னும் தொண்ணூத்தொன்பதுலயே நிக்கி. முந்தாநாள் எங்க தெருவுல கரண்டு போச்சுல்லா? என் டேப்லெட்டுல இருந்து வயரு இழுத்து பதினோரு வீட்டுக்கு ஃபேன் ஓடுச்சு. ஒரு வீட்டுல மாவே ஆட்டிட்டாங்க.”

“வயரை எந்த ஓட்டையில சொருகினீங்க?” என்றார் டீச்சர்.

ஆவுடையப்பன் முகம் சுருங்கியது. சங்கரலிங்கம் கடிகாரத்தைப் பார்த்தான். நாலேகால். செண்பகவல்லி டீச்சரின் காலை லேசாக மிதித்தாள்.

“அண்ணாச்சி பொய்யா சொல்லுவாக? நீங்க சொல்லுங்க அண்ணாச்சி. கீழ விழுந்தா என்னாகும்?”

“கீழயா? கெணத்துலயே விழுந்துட்டு! அறுபதடி ஆழம். நான் தலையில கைய வச்சு உக்காந்துட்டேன். அஞ்சு நிமிசத்துல எனக்கு போன் வருது. யாருங்க? டேப்லெட்டு! ‘கவலைப்படாதீங்க, இங்க மோட்டாருல பாசி பிடிச்சிருக்கு, தொடச்சிட்டு வாரேன்’னுச்சு. அன்னையில இருந்து எங்க கெணத்துல உப்புத் தண்ணி இனிக்கி.”

“யம்மாடி!” என்றாள் செண்பகவல்லி. மனதார ரசித்துத்தான் சொன்னாள். இன்னும் கொஞ்சம் சேவும் போட்டாள். ஆட்டோக்காரர் வெளியே ஹாரன் அடித்தார். யாரும் திரும்பவில்லை.

டீச்சருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. குரலில் தேன் தடவிக்கொண்டு கேட்டார். “பிரிண்ட் எப்படி சார் எடுப்பீங்க?”

“அது மேல பேப்பரை விரிச்சு இஸ்திரிப் பெட்டியால ஒரு தேய்ப்பு. கலர்ல விழும். ஒரு நாள் மறந்தாப்ல வேட்டியை விரிச்சுட்டேன். வேட்டி முழுக்க ரெண்டு குடும்பத்தோட ரேஷன் கார்டு. கடையில அதைக் கட்டிட்டுப் போயி நின்னேன், மறுபேச்சு இல்லாம சீனி போட்டாங்க.”

“ரெண்டு குடும்பத்துக்கும் சேர்த்தா அத்தான்?”

“பின்னே! இன்னைக்கு நான் இங்க இருக்கேன், தீப்பெட்டி ஆபீஸ்ல ஞாயித்துக்கிழமை ஓவர்டைமுக்கு எனக்குப் பதிலா மேஸ்திரி வேலை பாக்கது யாரு? என் டேப்லெட்டுதான். காலையில தானா பஸ் ஏறிப் போயிருக்கு. நான் போனா குச்சி எண்ணிக்கை தப்பும். அது போனா ஒரு பெட்டிக்கு ஒரு குச்சிகூட மாறாது. அங்குள்ளவங்க என்னை வர வேண்டாம்னே சொல்லிட்டாங்க. எனக்குத்தான் சங்கடமா இருக்கு.”

சங்கரலிங்கத்துக்குக் கண் கலங்கியே விட்டது. அப்பேர்ப்பட்ட சாதனம் இன்றே தன் வீட்டுக்கு வரப்போகிறது! அதே ஆவேசத்தில் எழுந்து சிபியுவைத் தூக்கினான். தூக்கியவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். அப்படியே தரையில் இறக்கினான்.

“நாலு முப்பத்திரண்டு. போச்சு அத்தான். ராகு காலம் பொறந்துட்டு.”

செண்பகவல்லி மூச்சை விட்டாள்.

ஆவுடையப்பன் அசரவில்லை. “அட, இதுக்குப் போயி! டேப்லெட்டு வந்த அன்னைக்கே நான் அதுல ராகு காலத்தை எடுத்து விட்டுட்டேன் மாப்ள. ஒரு தட்டு தட்டினேன், அழிஞ்சிட்டு. ஊருக்கே இப்ப ராகு காலம் கிடையாது. நீ தூக்கு!”

சங்கரலிங்கம் அவரை ஏற இறங்கப் பார்த்தான். அக்காளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவரை இப்படிப் பார்த்தவன் இல்லை.

“அத்தான், நீங்க மூத்தவரு, சொல்லக் கூடாது. இருந்தாலும் பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேண்டாமா?”